ரிவிஷன் சி

தனக்குக் கணக்கு வராது என்பதைத் திரிபுரசுந்தரி நாற்பத்தேழு வயது வரை நம்பினார். பிளஸ் டூவில் கணக்கில் தவறியபோது வீட்டில் யாரும் திட்டவில்லை, "பரவாயில்லை" என்றார்கள். அந்தப் பாழாய்ப்போன பரவாயில்லைதான் பிறகு அவரை எந்தப் பரீட்சைப் பக்கமும் தலைவைத்துப் படுக்கவிடவில்லை.

கல்யாணமாகி ஹைதராபாத் வந்தவர், பாலாநகர் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரப் பாகங்களின் வரைபடங்களைப் பாதுகாக்கும் பிரிவில் சேர்ந்தார். அங்கே ஒப்புதலாகி வெளியே போன படத்தில் ஒரு கோட்டைக்கூட அழிக்கக் கூடாது. திருத்தம் வந்தால் புதுப் படம் போட்டு ரிவிஷன் ஏ என்று எழுத வேண்டும், அடுத்த திருத்தம் பி. பழையதும் அலமாரியில் பத்திரமாக இருக்கும். இருபத்திரண்டு வருஷம் இதே வேலை.

2012-இல் மகள் சுஷ்மா, ஃபங்ஷனல் புரோகிராமிங் என்ற நிரல் எழுதும் முறையைச் சொல்லித்தரும் இலவச இணைய வகுப்பொன்றில் சேர்ந்தாள். கொண்டாப்பூரில் மென்பொருள் வேலை பார்ப்பவள், இரண்டாம் வாரமே கைகழுவிவிட்டாள். ஆனால் அவள் போட்ட முதல் பாடத்திலேயே, பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது. கொடுத்த மதிப்பை மாற்றாதே, அதிலிருந்து புதியதைச் செய் என்று திரையில் பேராசிரியர் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இது எங்க செக்‌ஷன் ரூல் ஆச்சே," என்றார் திரிபுரசுந்தரி.

அவருக்கு மெய்சிலிர்த்தது. எங்கோ கடலுக்கு அப்பால் இருக்கும் பெரிய படிப்பாளி, பைசா வாங்காமல், குகட்பள்ளி வீட்டுக்குள் வந்து பாடம் நடத்துகிறார். ஒரே வரியை எட்டு முறை கேட்டாலும் முகம் சுளிப்பதில்லை. அடிப்படைப் பாடங்களும் வலையில் இலவசமாகவே கொட்டிக்கிடந்தன. மாதக்கணக்கில் அவற்றோடு மல்லுக்கட்டிவிட்டு, அடுத்த வருஷம் வகுப்பு தொடங்கியதும் தன் பெயரிலேயே சேர்ந்தார்.

முதல் பயிற்சி, ஒரு பட்டியலைத் தலைகீழாகத் திருப்பும் 'ரிவர்ஸ்' என்ற நிரலை எழுதுவது. ஞாயிறு காலை அனுப்பினார். கணினியே திருத்திப் போட்ட மதிப்பெண் பூஜ்யம்.

பிளஸ் டூ மார்க் சொன்னது சரிதான் போலிருக்கிறது என்று நினைத்தார்.

"கைக்கு, ஏம்மா இப்டி உக்காந்திருக்க? காட்டு," என்று ஹைதராபாத் பேச்சைக் கலந்து கேட்டபடி சுஷ்மா கோப்பைத் திறந்தாள். உள்ளே நான்கு நிரல்கள் இருந்தன: ரிவர்ஸ், ரிவர்ஸ்-ஏ, ரிவர்ஸ்-பி, ரிவர்ஸ்-சி.

"என்னம்மா இது?"

"மொதல்ல எழுதினது தப்பு. ஏ-ல கொஞ்சம் தேவலை. சி-தான் சரி. பழசை அழிக்கக் கூடாதில்ல?"

சுஷ்மாவுக்குப் புரிந்துவிட்டது. திருத்தும் கணினி வெறும் 'ரிவர்ஸ்' என்ற பெயரைத் தேடி, தப்பான முதல் நிரலை எடுத்துக்கொண்டிருக்கிறது. அவள் சி-யை மெல்லப் படித்தாள். இரண்டாம் முறையும் படித்தாள்.

"அம்மா, எங்க ஆபீஸ்ல இவ்ளோ சுத்தமா யாரும் எழுத மாட்டாங்க. ஹவ், ஆமாம்மா, நிஜமா. பேரை மட்டும் மாத்தி மறுபடி அனுப்பு."

"மறுபடி அனுப்பலாமா?"

"எத்தன தடவ வேணும்னாலும்."

திரிபுரசுந்தரி முதல் நிரலுக்கு 'பழையது' என்று பெயர் வைத்தார், அப்போதும் அழிக்கவில்லை. சி-க்கு 'ரிவர்ஸ்' என்று பெயரிட்டு அனுப்பினார். பத்துக்குப் பத்து வந்தது.



"அன்னிக்கு என்னோட கணக்குப் பேப்பரையும் இப்படித் திருப்பிக் குடுத்திருக்கலாம்," என்றார். "இன்னொரு தடவ போட்டிருப்பேன்."