கயிறு கட்டாத ஜீப்

திருமலைச்சாமிக்கு ஐம்பத்தொரு வயது. மலைமேல் இருக்கும் போளூருக்கும், கீழே ஆற்றுக்கு அப்பால் இருக்கும் பூண்டுக் காடுகளுக்கும் நடுவே இருபத்திரண்டு வருடமாக ஜீப் ஓட்டுகிறார். பெருமையடித்துக்கொள்ள அவரிடம் ஒரே ஒரு விஷயம்தான் உண்டு. அந்த ஆற்றில் சிக்கி, கயிறு கட்டி இழுக்கப்படாத வண்டியே எங்கள் பக்கத்தில் கிடையாது, அவருடையதைத் தவிர. காதுகுத்தானாலும் கருமாதியானாலும் இதைச் சொல்லாமல் சாப்பிட்ட இலையை விட்டு எழுந்திருக்க மாட்டார்.

நான் ஆற்றுக்கு அந்தப் பக்கம் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். தினமும் காலை ஏழு மணிக்கு அவர் ஜீப்பில்தான் போகிறேன். என்னோடு களையெடுக்கப் போகும் எட்டுப் பெண்கள், உர மூட்டைகள், சில நாள் ஒரு ஆடு. "தள்ளி உக்காருங்க, வண்டியா இல்ல வைக்கப்போரா?" என்று அவர் கத்தாத நாளில்லை. அந்த எட்டுப் பேரில் ராக்காயி மட்டும் பதிலுக்குக் கத்துவாள்.

போன ஐப்பசியில் கோயம்புத்தூரிலிருந்து ஆறு வண்டிகளில் ஒரு குழு வந்தது. கரடுமுரடான பாதையில் ஓட்டுவதற்கென்றே வண்டி வாங்கியவர்கள். காலையில் ஆற்றுப் பள்ளத்தில் இறங்கி, சாயங்காலம் மேலே ஏறிவிட வேண்டும். முன்னால் போய் வழிகாட்டத் திருமலைச்சாமியைப் பேசியிருந்தார்கள். இதே விளையாட்டை நாங்கள் தினமும் வேலைக்குப் போகிற அவசரத்தில் விளையாடுகிறோம் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

முந்தின நாளே அவர் வண்டியைக் கழுவினார். பின்னாலிருந்த பெஞ்சுகளைக் கழற்றி வைத்தார். எப்போதும் தரையில் கிடக்கும் மணல் மூட்டையையும் பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று இறக்கிப் போட்டார். காலையில் நெற்றியில் பட்டையும் புதுச் சட்டையுமாக வந்து நின்றார். நாங்கள் வழக்கம்போல ஏறப் போனோம்.

"இன்னைக்கு எடமில்ல. சோலி இருக்கு. நடந்து போங்க."

"வண்டி காலியாத்தான கெடக்கு?" என்றாள் ராக்காயி.

"டூர்க்காரங்க படம் எடுக்குறாங்க. நீங்க கூடையும் கையுமா உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்?"

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஒன்பது மணிக்கு நான் கதவைத் திறக்காவிட்டால் பிள்ளைகள் வாசலில் நிற்கும். பேரிக்காய்த் தோட்டத்துக் குறுக்குப் பாதையில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினோம். வழி நெடுக அவருக்கு அர்ச்சனை நடந்தது. அதில் என் பங்கும் உண்டு.

டூர்க்காரர்கள் ஒவ்வொரு வளைவிலும் நின்று படமெடுத்திருக்க வேண்டும். நாங்கள் ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது மற்ற வண்டிகள் எங்கள் பக்கக் கரையில் வரிசையாக நின்றன. திருமலைச்சாமியின் ஜீப் மட்டும் நட்ட நடு ஆற்றில் நின்றது.

ராத்திரி பெய்த மழையில் தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஓடியது. பின்சக்கரங்கள் உருண்டைக் கற்களின் மேல் சும்மா சுற்றின. சுற்றச் சுற்ற, வண்டியின் பின்பக்கம் தண்ணீரோடு நகர்ந்தது. இத்தனை வருடத்தில் அவர் அந்த ஆற்றைக் காலி வண்டியோடு கடந்ததே இல்லை. போகும்போது நாங்கள், வரும்போது பூண்டு மூட்டை. அது அவருக்கே அப்போதுதான் உறைத்திருக்கும். முகம் வெளிறிப்போயிருந்தது.

குழுத் தலைவர் ராஜேஷ்குமார், நல்ல மனிதர்தான், கொக்கி மாட்டிய கயிறோடு கரையில் நின்றார். "அண்ணா, கயிறு போடட்டுமா? ரெண்டே நிமிஷம்."

"வேணாம் சார். செத்த இருங்க." அந்தக் குரலில் அழுகை இருந்தது. ஒருவர் போனில் எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

திருமலைச்சாமி எங்களைப் பார்த்தார். கூப்பிடவில்லை. கூப்பிட வாய் எப்படி வரும்? நன்றாக வேண்டும் என்றுதான் நினைத்தேன். கயிற்றைக் கட்டட்டும், ஊரெல்லாம் நானே போய்ச் சொல்கிறேன் என்று நின்றேன்.

ராக்காயிதான் முதலில் தண்ணீரில் இறங்கினாள். நாங்கள் கையைக் கோத்துக்கொண்டு அவள் பின்னால் போனோம். ஜீப்பின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"இப்ப எடமிருக்கா?"

அவர் திரும்பவில்லை. கண்ணாடியில் பார்த்து, "ஏறுங்க தாயி" என்றார்.

ஒன்பது பேரும் ஏறி, பின்சக்கரத்துக்கு மேலாக நெருக்கிக் குந்தினோம். வண்டி அமுங்கியது. கியர் போட்டார். சக்கரம் கல்லைப் பிடித்தது. அக்கரை மண் தட்டுப்படும் வரை யாரும் மூச்சுவிடவில்லை.

ராஜேஷ்குமார் தன் வண்டியில் ஆற்றைக் கடந்து, இறங்கி ஓடி வந்தார். போன்காரரும் கூடவே வந்தார்.

"செம டெக்னிக் அண்ணா! வெயிட்டுக்காக இவங்களை முன்னாடியே இங்க வரச் சொல்லி வெச்சிருந்தீங்களா?"

ஆமாம் என்று சொன்னால் முடிந்தது. நாங்களும் காட்டிக்கொடுத்திருக்க மாட்டோம்.

"இல்ல சார்," என்றார் திருமலைச்சாமி, போனைப் பார்த்தே. "படத்துல நல்லா இருக்காதுன்னு காலைல இவங்கள ஏத்தாம விட்டுட்டு வந்தேன்."

என் கோபம் அங்கேயே போய்விட்டது. ஒப்புக்கொள்ளத்தான் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது.

கயிறு கட்டாத வண்டி என்று இப்போதும் போகிற விசேஷத்திலெல்லாம் சொல்கிறார். ராக்காயி பெயரையும் சேர்த்துச் சொல்லிவிட்டுத்தான் இலையை விட்டு எழுந்திருக்கிறார்.