நசீமா ஆபா வீட்டில் ஒரு வாரம்

நசீமா ஆபா தை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் இறந்துபோனார். விடியும் நேரத்தில் நெஞ்சை அடைக்கிறது என்று சொல்லியிருக்கிறார். ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. நான் அப்போது கீழ்பென்னாத்தூரில் ஒரு வீட்டில், நெல் கொட்டி வைத்திருந்த பழைய தேக்குப் பெட்டிக்கு விலை பேசிக்கொண்டிருந்தேன். ஆபாவின் கணவர் அன்வர் பாய் போனில் வந்தார்.

"அமுதாம்மா, நசீமா போயிட்டா" என்றார். பிறகு, "கட்டில் இன்னிக்குப் போகணும்னு சொன்னாளே, அத இன்னா பண்றது?" என்று கேட்டார்.

"கட்டில் கிடக்கட்டும் பாய். நான் வர்றேன்" என்று எழுந்தேன். பேசிக்கொண்டிருந்த விலையை முடிக்காமல் நான் எழுந்து வந்தது அன்றைக்குத்தான்.

ஆபா என்றால் அவர்கள் வீட்டு உருதுவில் அக்கா. ஊரில் பாதிப் பேருக்கு அவர் ஆபாதான். அவரை அறிந்தவர்களுக்கு அன்வர் பாயின் கேள்வி விசித்திரமாகத் தெரியாது. அந்த வீட்டில் இருந்த கட்டில், பீரோ, மேஜை எதுவும் அவர்களுடையது இல்லை. எல்லாம் எங்கள் கடைச் சரக்கு. தேய்த்துப் பாலிஷ் போட்ட ஒவ்வொரு பழைய சாமானும் ஒரு வாரம் ஆபா வீட்டில் இருந்துவிட்டுத்தான் வாங்கியவர் வீட்டுக்குப் போகும். பதினைந்து வருடமாக இதுதான் எங்கள் தொழில் முறை. ஆகவே, வேனில் திரும்பி வரும்போது எனக்கு அழுகையோடு இந்தக் கவலையும் சேர்ந்தே வந்தது. அந்தச் சாமான்களை நான் எடுத்தே ஆக வேண்டும். எடுத்துவிட்டால் அன்வர் பாய்க்கு உட்காரக்கூட அந்த வீட்டில் ஒன்றும் மிஞ்சாது.

நான் பழைய இரும்பும் பேப்பரும் எடைக்கு வாங்கி மேலே வந்தவள். செங்கம் ரோட்டில் கடை போட்ட புதிதில், இடிக்கிற வீடுகளின் கதவு, ஜன்னல், கால் உடைந்த மேஜை எல்லாவற்றையும் வாங்கி, மரமாகப் பிரித்து ஆசாரிகளுக்கு விற்பேன். மரம் என்றால் எனக்குக் கன அடிக் கணக்கு, அவ்வளவுதான். ஒரு நாள் பீரோவுக்குப் பித்தளைக் குமிழ் ஒன்று தேடிக்கொண்டு ஆபா வந்தார். குமிழ் இல்லை. போகாமல், வாசலில் கிடந்த ஒரு மேஜையைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கத்தை நகத்தால் சுரண்டினார்.

"இத இன்னா பண்ணப் போறீங்க?"

"அறுக்கப் போறேன்."

"நாலு கோட்டு பச்சை பெயிண்ட் அடிச்சுட்டா தேக்கு வெறகாயிடுமா? என்கிட்ட பத்து நாள் குடுங்க. வித்தா பாதிப் பாதி. விக்கலன்னா அறுக்கிற கூலி நான் தர்றேன்."

எனக்கு நஷ்டமே இல்லாத பேச்சு. உடனே சரி என்றேன். பாலிஷ் வேலையை எங்கே கற்றீர்கள் என்று கேட்டதற்கு, "எங்கயும் கத்துக்கல. எங்க வீட்டு அலமாரி ரெண்டைக் கெடுத்தேன். மூணாவது கெடல" என்றார். அந்த மேஜையைப் பத்தாம் நாள் பார்த்தபோது அது என் கடையில் கிடந்ததுதான் என்று நம்ப எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. விறகு விலையைப் போல ஏழு மடங்குக்குப் போனது. அதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? கூட்டு சேர்ந்தோம்.

ஒரு வார விதி பிறந்த கதையைச் சொல்ல வேண்டும். ஆசிரமத்துப் பக்கம் புதிதாக ஒரு காபிக் கடை திறந்தார்கள். அதற்கு நீளமான பெஞ்ச் ஒன்று கேட்டார்கள். ஐப்பசி மழை. வார்னிஷ் தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருந்தது. இருவருக்கும் அவசரம், அனுப்பிவிட்டோம். மறுநாள் கடைக்காரர் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், வெள்ளை வேட்டி கட்டிய ஒரு வெளிநாட்டுப் பெரியவர் பெஞ்சில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

"தியானம் பண்றாரு போல, மெதுவா பேசுங்க" என்றேன்.

"தியானம் காலையிலயே முடிஞ்சிடுச்சும்மா. எழுந்திருக்கத்தான் முடியல" என்றார் கடைக்காரர்.

ஆபா ஓடிப்போய் ஒரு புது வேட்டி வாங்கி வந்தார். நாங்கள் இருவரும் தெருவில் போய் நின்றுகொண்டோம். பெரியவர் புது வேட்டியோடு வெளியே வந்தார். பழையது பெஞ்சிலேயே இருந்தது. அவருக்குக் கோபமே இல்லை. திரும்பிப் பார்த்துப் பெஞ்சுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். ஆபா சிரித்த சிரிப்பில் எனக்குப் பயம் போய்விட்டது. வழியெல்லாம் சிரித்து, கடைக்கு வந்த பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அமுதா, இனிமே எது ஒட்டினாலும் மொதல்ல எங்க வீட்டுக்காரர் மேல ஒட்டட்டும். ஒரு வாரம் எங்க வீட்டுல இருந்துட்டு அப்புறம் வெளிய போகட்டும்."

அன்வர் பாய் அரசுப் பேருந்தில் கண்டக்டர். எங்கே படுத்தாலும் தூங்கிப் பழகியவர், அது எங்கள் அதிர்ஷ்டம். ஆனாலும் ஒரு மத்தியானம் டியூட்டி முடித்து வந்து, முந்தின நாள் கட்டில் இருந்த இடத்தில் அது இருக்கிற ஞாபகத்திலேயே சாய்ந்து, தரையில் விழுந்துவிட்டார். நான் அப்போது அங்கேதான் இருந்தேன்.

"ஏண்டி, இந்த வீட்டுல எனக்குன்னு ஒரு கட்டில் இருக்குதா இல்லியா?"

"ஏன் இல்ல? வாரத்துக்கு ஒண்ணு இருக்குது. எந்த நவாப்புக்கு இருக்குது?"

"நவாப்பு கீழ விழல."

"விழுந்தத யாரு எழுதி வெச்சாங்க?"

பாய் எழுந்து இடுப்பைத் தடவிக்கொண்டே சிரித்துவிட்டார். கார்த்திகை தீபத்துக்கு ஊர் நிரம்பி வழியும் நாட்களில், அறை கிடைக்காத எங்கள் வாடிக்கையாளர்களின் சொந்தக்காரர்களும் ஆபா வீட்டுக் கட்டில்களில்தான் படுப்பார்கள். மதுரையிலிருந்து வந்த ஒருவர், படுத்த கட்டிலையே விலை பேசி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். அன்வர் பாய் ஓய்வு பெற்ற நாளில் மாலை மரியாதையோடு வீட்டுக்கு வந்தபோது, ஆபா என்னிடம் சொன்னார்: "இனிமே நமக்கு முழு நேரத்துக்கு ஆள் கெடச்சாச்சு. இவரு குறட்டைய தாங்கின கட்டிலு எதையும் தாங்கும்."

ஒரு வாரம் வைத்திருப்பதன் பலன் சாமானில் இருந்ததைவிட, அதைக் கொடுக்கும்போது ஆபா சொன்ன வார்த்தையில் இருந்தது. வாங்குகிறவர்களிடம் நல்லதைச் சொல்லவே மாட்டார். "மழை பெய்யசொல்ல மூணாவது டிராயர் மொறைக்கும். சண்டை போடாதீங்க, லேசா தூக்கி இழுங்க." "இந்த ஒரு கால் மட்டும் மாத்தின கால். மத்த மூணும் பழசு." எனக்கு வயிறு எரியும். விற்கிற இடத்தில் இதெல்லாம் சொல்ல வேண்டுமா என்று கடையிலேயே சண்டை போட்டிருக்கிறேன். "நல்லது அவங்களுக்கே தெரியும் அமுதா. தெரியாதத சொல்லத்தான நாம இருக்குறோம்" என்பார். குறை சொல்லிக் கொடுத்த சாமான் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. குறை சொல்லாமல் நான் விற்ற இரண்டு திரும்பி வந்தன. வியாபாரிக்கு இதைவிட நல்ல பாடம் யாரும் சொல்ல முடியாது.

பிறகு சாமான் விற்பதோடு, வீட்டை அழகுபடுத்தித் தருவதும் எங்கள் வேலையாயிற்று. வேங்கிக்காலில் புது வீடு கட்டிய ஒரு அம்மா, கலெக்டர் ஆபீஸில் வேலை பார்ப்பவர், "வீடு பூரா பழைய ஸ்டைலா இருக்கணும்" என்று கூப்பிட்டார். ஒன்பது சாமானுக்கு நான் மனதுக்குள் லாபம் போட்டுவிட்டேன். ஆபா அறை அறையாக நடந்து பார்த்துவிட்டு நான்குதான் எடுக்கச் சொன்னார். "ஒரு ரூமுக்கு ஒண்ணு இருந்தா அழகு. அதுக்கு மேல ஜாஸ்தியானா எங்க கடை மாதிரி ஆயிடும், யாராவது வந்து விலை கேப்பாங்க."

அந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜையின் நடுவில், பளபளவென்று தேய்த்த ஒரு பித்தளைப் பாத்திரத்தில் ரோஜாப் பூ வைத்திருந்தார்கள். ஆன்லைனில் வாங்கிய பழங்காலப் பூச்சாடி என்று அந்த அம்மா பெருமையாகச் சொன்னார். அது எச்சில் படிக்கம். வெற்றிலை போட்டுத் துப்புகிற சாமான். நான் ஆபாவைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்க்கவில்லை.

"ரொம்ப நல்ல வேலைப்பாடுங்க. உங்க மாமியாரு எப்ப வர்றாங்க?"

"அடுத்த மாசம்."

"அவங்க வர்றதுக்கு முன்னாடி இத வாசல் பக்கம் மாத்திடலாம். பெரியவங்க ஞாபகம் வேற மாதிரி இருக்கும்."

அந்த அம்மாவுக்கு ஒரு நிமிடம் கழித்துத்தான் புரிந்தது. புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மூவரும் சேர்ந்து சிரித்தோம். ஒன்பது வாங்கியிருந்தால் அந்த வீட்டோடு போயிருக்கும். நான்கு வாங்கியவர் அந்தத் தெருவில் இன்னும் மூன்று வீடுகளை எங்களுக்குப் பிடித்துக் கொடுத்தார். இந்தத் தை மாதம் ஆபா வீட்டில் கிடந்த கட்டிலும் அவர் கேட்டதுதான்.

எனவே அவரிடம்தான் முதலில் போனேன். இப்படி ஆகிவிட்டது, வேண்டாம் என்றால் பரவாயில்லை என்றேன். "ஆபா படுத்துப் பாத்த கட்டில்தானே, அதுதான் எனக்கு வேணும். எப்ப குடுக்க முடியுமோ குடுங்க" என்றார்.

நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடித்த மறுவாரம் வேனோடு போனேன். வெளிப்படையாகச் சொல்கிறேன்: ஒரு வார விதி ஆபாவோடு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு வாரம் சரக்கு முடங்கினால் எனக்குக் கைநஷ்டம். ஆபா முகத்துக்காகப் பொறுத்திருந்தேன். இனி கடையிலேயே உலர்த்தி அனுப்பிவிடலாம் என்பது என் கணக்கு.

அன்வர் பாய் இரட்டைக் கதவையும் திறந்து வைத்துக் காத்திருந்தார். பீரோவில் இருந்த ஆபாவின் புடவைகளை ஒரு போர்வையில் மூட்டையாகக் கட்டி மூலையில் வைத்திருந்தார்.

"கட்டிலுக்குத் தலைமாட்டுல இடது பக்கம் ஒரு சத்தம் இருக்குது. திரும்பிப் படுத்தாதான் கேக்கும். அந்தம்மாகிட்ட மொதல்லயே சொல்லிடுங்க" என்றார்.

"பீரோ எப்பிடி பாய்?"

"கதவு தானா தெறந்துக்குது. பீரோ கோணலா தரை கோணலான்னு ரசமட்டம் வெச்சுப் பாத்தேன். தரைதான். பீரோமேல தப்பு இல்ல."

ஆட்கள் கட்டிலையும் பீரோவையும் வட்ட மேஜையையும் ஏற்றினார்கள். உள்ளே திரும்பிப் பார்த்தேன். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கோரைப்பாய், அந்தப் புடவை மூட்டை. பேசினால் எதிரொலித்தது. எனக்கு மனது கேட்கவில்லை.

"பாய், பீரோ இங்கயே இருக்கட்டும். பணம் ஒண்ணும் வேணாம்."

"வேணாம்மா. சும்மா குடுத்தா அது ஒரு மூலையில நிக்கும், நான் ஒரு மூலையில நிப்பேன்." நாற்காலியை எனக்கு நகர்த்தினார். "அடுத்தது இன்னா வருது?"

"எது பாய்?"

"கடையில பாலிஷ் முடிஞ்சு இன்னா இருக்குது? யாரும் புழங்கிப் பாக்காமயே அனுப்பிடுவீங்களா?"

ஆபாவிடம் வேலை கற்ற பெண்கள் இருவர் இப்போது பாலிஷ் பார்க்கிறார்கள். அன்று காலை அவர்கள் முடித்து வைத்த எழுது மேஜையை மறுநாளே அனுப்ப வண்டி பேசியிருந்தேன். கண்டக்டராக இருந்தவர், ஆளைப் பார்த்தாலே தெரிந்துகொள்வார்.

"எழுது மேஜை ஒண்ணு இருக்குது" என்றேன்.

"வரட்டும். கூலி பேசிடலாம்."

ஆபாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தக் குறை சொல்லும் பழக்கம்தான். இப்போது என் வாயே அதை முதலில் சொல்லிவிடுகிறது. அதனால் அவரிடமும் உள்ளதைச் சொன்னேன்.

"ஒரு வாரம் வெச்சா எனக்கு நஷ்டம் பாய். ஆனா வெக்கறேன். ஆபா பங்கு பாதி. அதையே நீங்க எடுத்துக்கங்க."

"பாலிஷ் போடற பொண்ணுங்களுக்குக் குடுங்க பாதி. படுத்துக் கெடக்கறவனுக்கு எதுக்கு? சாமானுக்கு நூறு ரூபா."

"முந்நூறு."

"நூத்தம்பது. அதுக்கு மேல ஜாஸ்தி பேசினா கதவ சாத்திடுவேன்."

கொடுப்பவள் ஏற்றியும் வாங்குபவர் இறக்கியும் பேசிய பேரம் என் தொழிலில் அது ஒன்றுதான். பேசப் பேச அவர் குரல் தேறிவந்தது. ஏற்றிய கட்டிலில் உட்கார்ந்திருந்த ஆட்கள் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

சாமானுக்கு இருநூறு என்று முடிந்தது. மேஜை, பீரோவுக்கு ஒரு வாரம், கட்டிலுக்கு மட்டும் பத்து நாள். ஏற்றி இறக்கும் கூலி என்னுடையது. குறை இருந்தால் வாங்குகிறவருக்கு அவரே போன் செய்து சொல்வார். வீடு ஒரு நாளும் காலியாக இருக்கக் கூடாது. ஒன்றை எடுக்க வருகிற வண்டியிலேயே அடுத்தது வந்துவிட வேண்டும்.