இடக்கையனை இழந்த விதம்

விதி பதினொன்று, உட்பிரிவு மூன்று இப்படிச் சொல்கிறது: ஒப்பந்தம் முடிந்த ஓர் ஆட்டக்காரருக்கு வேறு அணி விலை சொன்னால், அந்த விலையை அவருடைய பழைய அணிக்கு மின்னஞ்சல் மூலம் தெரிவிக்க வேண்டும். தெரிவித்த நேரத்திலிருந்து இரண்டு நாட்களுக்குள் பழைய அணி அதே விலைக்குச் சம்மதித்தால், ஆட்டக்காரர் அங்கேயே இருப்பார். மின்னஞ்சல் என்றால் மின்னஞ்சல். பணிக்காலம் முழுவதும் அரசு அலுவலகத்தில் கோப்பு பார்த்தவன் நான். இவ்வளவு தெளிவாக எழுதிய விதியை அங்கே ஒருநாளும் பார்த்ததில்லை.

அந்த ஆட்டக்காரர் உயிரோடு இருப்பவர் அல்ல என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இறந்தவரும் அல்ல. கணினி உண்டாக்கியவர். இணையத்தில் ஒரு பேஸ்பால் லீக் இருக்கிறது. அதில் அணிகள் உண்டு, ஆட்டக்காரர்கள் உண்டு, அவர்களுக்கு வயது ஏறும், தோள் வலிக்கும், மனம் சோரும். எல்லாம் மென்பொருளுக்குள். மனிதர்கள் என்று இருப்பது அணி உரிமையாளர்கள் மட்டும்தான். அவர்கள் உலகத்தின் பல மூலைகளில் உட்கார்ந்து ஆட்களை வாங்குவார்கள், விற்பார்கள், திட்டிக்கொள்வார்கள். ஆட்டத்தைக் கணினி ஆடி முடித்துக் கணக்கை அனுப்பும். ஓய்வு பெற்ற பிறகு நான் இதில் சேர்ந்தது பேஸ்பால் தெரிந்ததால் அல்ல. அந்த லீக்குக்கு நீளமான விதிப்புத்தகம் ஒன்று இருந்தது. உட்பிரிவுகள், விளக்கங்கள், விதிவிலக்குகள், விதிவிலக்குக்கு விதிவிலக்குகள். அதற்காகத்தான் சேர்ந்தேன்.

ஆட்டம் தெரிந்தவர் என் நண்பர். காரைக்கால் தலத்தெருவில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறார். பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர், சொல்தா. அதாவது அவர்கள் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து, அவர்கள் ஓய்வூதியத்தில் இங்கே வாழ்கிறவர். பணியில் இருந்தபோது ஏதோ ஒரு தீவில் அமெரிக்கர்களோடு பேஸ்பால் ஆடியிருக்கிறார். அணியை இருவர் பெயரிலும் பதிவு செய்தோம். விதிகள், ஒப்பந்தங்கள், கடிதங்கள் என் பொறுப்பு. ஆட்கள் அவர் பொறுப்பு. காலையில் பசியாறிவிட்டு வருவார். என் மனைவி காப்பி கொடுப்பாள். நான் கணினியைத் திறந்து முந்தின நாள் முடிவுகளைப் படிப்பேன்.

அணி வென்றதா தோற்றதா என்று அவர் முதலில் கேட்டதே இல்லை.

"நம்ம ஆளு எப்புடி சார்?" என்பார்.

நம்ம ஆள் என்றால் எங்கள் இடக்கைப் பந்தெறிபவன். புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் நாளில், மற்ற அணிகள் எல்லாம் ஒதுக்கிவிட்ட ஒல்லிப் பையனை நண்பர் கேட்டு வாங்கினார். பந்தை வேகமாக எறிகிறான், எங்கே எறிகிறான் என்பது அவனுக்கே தெரியாது என்று லீக் முழுவதும் சிரித்தது. நண்பர் அவனைக் கீழ்மட்ட அணியில் போட்டு, அவசரப்படாமல், தோள் வலித்த ஆட்டப் பருவத்தில் எறியவே விடாமல், ஆளாக்கினார். போன பருவத்தில் அவன் லீக்கின் சிறந்த பந்தெறிபவர்களில் ஒருவன். அவனுக்கு முகமில்லை. மென்பொருள் எல்லோருக்கும் ஒரே சாம்பல் நிறத் தலையைத்தான் போட்டிருக்கும். ஆனால் நண்பர் அவனைப் பற்றிப் பேசும்போது, அவன் இப்போதுதான் எழுந்து பல் தேய்க்கப் போயிருக்கிறான் என்பதுபோல இருக்கும்.

பருவம் தொடங்குவதற்கு முன் லீக்கின் கமிஷனர் எல்லா அணிகளைப் பற்றியும் ஒரு முன்னோட்டம் எழுதுவார். அமெரிக்காவில் எங்கோ இருக்கும் மனிதர், முகம் பார்த்ததில்லை. யார் முதலில் வருவார், யார் கடைசியில் வருவார் என்று கணிப்பார். இந்த வருடம் எங்களைப் பற்றி எழுதியது இதுதான்: "இந்த அணியிடம் ஓர் இடக்கையனும் ஒரு விதிப்புத்தகமும் இருக்கின்றன. இடக்கையனின் ஒப்பந்தம் முடிந்துவிட்டது. விதிப்புத்தகம் மிஞ்சும் என்று நம்பலாம்."

நண்பர் விழுந்து விழுந்து சிரித்தார். "உங்களத்தான் சார் சொல்றான்."

"முன்னோட்டத்தில் தனிநபர் விமரிசனம் கூடாதுன்னு விதி இருக்கு" என்றேன்.

"இருக்கும். அத வுடுங்க." சிரிப்பை நிறுத்திவிட்டார். "சார், இந்தப் பயல மட்டும் வுட்டுடக் கூடாது. அவன் போனா நானும் போயிடுவேன். நெசமாத்தான் சொல்றேன். எனக்கு மத்தவனுங்க மேல அக்கறையே கெடையாது."

விடமாட்டோம் என்றேன். சம்பள வரம்புக்குள் அவனுக்காக இடம் ஒதுக்கி வைத்திருந்தேன். யார் என்ன விலை சொன்னாலும் அதைக் கொடுக்க எங்களால் முடியும். விதி பதினொன்று எங்கள் பக்கம் இருந்தது.

ஒப்பந்தம் முடிந்தவர்களுக்கான சந்தை திறந்தது. ஃப்ரீ ஏஜென்சி என்று அதற்குப் பெயர். நான் மீன் வாங்கப் போகும் காரைக்கால்மேட்டு ஏலத்தை நினைத்துக்கொண்டேன். அங்கே விலையை எல்லோர் காதிலும் விழும்படி கத்துகிறார்கள், யாருக்கு விழுந்தது என்பது மீன் துடிப்பு அடங்குவதற்குள் தெரிந்துவிடும். படித்தவர்கள் நடத்தும் எங்கள் லீக்கில் அந்த ஒழுங்கு இல்லை. கமிஷனருக்கு மின்னஞ்சல் எழுதச் சோம்பல். உரிமையாளர்களுக்கென்று கைப்பேசியில் ஓர் அரட்டைக் குழு இருந்தது. நான் அதிலிருந்து எப்போதோ விலகியிருந்தேன். பூனைப் படங்களும் கேலியும்தான் அங்கே. முக்கிய முடிவுகளுக்காவது நடவடிக்கைக் குறிப்பு வைக்க வேண்டும் என்று ஒருமுறை எழுதினேன். சிரிக்கும் மஞ்சள் மூஞ்சிகளை வரிசையாக அனுப்பினார்கள். நண்பர் மட்டும் குழுவில் இருந்தார், கேலி அவருக்குப் பிடிக்கும்.

ஒருநாள் வழக்கத்துக்கு முன்பே வந்துவிட்டார். செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை.

"சார், வெல சொல்லிட்டானுங்க. குரூப்ல போட்டுருக்கான் பாருங்க. ரெண்டு நாள்ல பதில் சொல்லணுமாம்."

பார்த்தேன். கமிஷனர்தான் எழுதியிருந்தார். இடக்கையனுக்கு ஓர் அணி விலை சொல்லியிருந்தது. எங்கள் கைக்கு எட்டிய விலைதான். பிறகு மின்னஞ்சலைத் திறந்தேன். எதுவும் இல்லை.

"இது அறிவிப்பே இல்லீங்க" என்றேன். "மின்னஞ்சல்ல வரணும். வந்தாத்தான் ரெண்டு நாள் கணக்கு ஆரம்பிக்கும்."

"வராட்டி என்னா சார்? வெஷயம் தெரிஞ்சிபோச்சில்ல? சரின்னு ஒரு வார்த்த போட்டுடுங்க."

"போடக் கூடாது. முறையில்லாம வந்த அறிவிப்புக்குப் பதில் சொன்னா, அது முறையாத்தான் வந்துச்சுன்னு நாமளே ஒத்துக்கிட்டதா ஆயிடும்."

இது நான் கண்டுபிடித்த தத்துவம் அல்ல. எங்கள் அலுவலகத்தில் ஒருவர், கையெழுத்தில்லாத குறிப்பாணை ஒன்றுக்கு மாய்ந்து மாய்ந்து விளக்கம் எழுதிக் கொடுத்தார். பேசாமல் இருந்திருந்தால் அது வெறும் காகிதம். பதில் எழுதியதால், பெற்றுக்கொண்டதற்கு அதுவே சாட்சியாகி, கோப்பு புதுச்சேரி வரை போய், வரவேண்டிய பதவி உயர்வு நின்றுபோனது. நண்பரிடம் அதை விவரமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அவரு நெசமான ஆளு சார். இவன் கம்ப்யூட்டர்ல இருக்கான்."

"விதி ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்."

மறுநாளும் வந்தார். கைப்பேசியை மேசைமேல் மல்லாத்தி வைத்தார். காப்பி ஆறி ஆடை படிந்தது.

"சார், இப்புடிச் செய்யலாமா? ஆட்சேபணையோட ஒத்துக்கிறோம்னு போடுவோம். உங்க ஆட்சேபணையும் நிக்கும், பயலும் நிப்பான்."

அவர் சொன்னதில் பொருள் இல்லாமலில்லை. ஆனால் ஆட்சேபணையை எங்கே பதிவு செய்வது? பூனைப் படத்துக்குக் கீழேயா?

"நான் அந்தக் குழுவுல உறுப்பினரே இல்லீங்களே."

"நான் இருக்கேனே. நான் போடுறேன். சரின்னு மட்டும் சொல்லுங்க."

"ஒப்பந்த விஷயம் எழுத எனக்குத்தான் அதிகாரம்னு பதிவு பண்ணியிருக்கோம். நீங்க போட்டா செல்லாது."

அவர் போட்டிருக்கலாம். அந்த லீக்கில் யார் போட்டாலும் ஏற்றுக்கொண்டிருப்பார்கள், அவ்வளவு சீர்கெட்ட இடம் அது. ஆனால் அவர் பட்டாளத்துக்காரர். பொறுப்பு என்னுடையது என்று ஆனபின் என்னைத் தாண்டிச் செய்யமாட்டார். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

டம்ளரை எடுக்க வந்த என் மனைவி நின்றாள். "ஏங்க, அந்தப் பயலுக்கு மூஞ்சியே கெடையாது. அவனுக்காவ ரெண்டு பெரிய மனுசனும் எழவு வூட்ல குந்துன மாதிரி குந்தியிருக்கீங்க. ஒரு வார்த்த எழுதிப் போட்டுட்டு எந்திரிச்சி வாங்களேன்."

"உனக்குத் தெரியாது" என்றேன்.

"தெரியாததாலதான் சொல்றேன்" என்றாள்.

கெடு முடிந்தது. கமிஷனர் இடக்கையனை அந்த அணிக்குக் கொடுத்துவிட்டார். எங்கள் அணி பதில் சொல்லாததால் உரிமையைக் கைவிட்டதாகக் கருதப்படுகிறது என்று குழுவில் ஒரு வரி. நண்பர் அதை எனக்குப் படித்துக் காட்டினார். குரலில் கோபம் இல்லை.

"சட்டம் உங்க பக்கம்தான் சார் இருக்கு" என்றார். "பையன் அவனுங்க பக்கம் போயிட்டான்."

அன்றே மேல்முறையீடு எழுதினேன். விதி பத்தொன்பது அதற்கு வழி செய்கிறது. கமிஷனரின் முடிவை எதிர்த்துக் கமிஷனரிடமே முறையிட வேண்டும். நான் பார்த்த எல்லா நிர்வாகமும் அப்படித்தான், இதில் மட்டும் குறை சொல்ல மாட்டேன். பத்தி பத்தியாக, விதிகளை எடுத்துக்காட்டி, கோரிக்கையைக் கடைசிப் பத்தியில் தனியாக வைத்து அனுப்பினேன். உங்கள் கடிதம் கிடைத்தது என்று இயந்திரம் பதில் சொன்னது. மனிதர் சொல்லவில்லை. நினைவூட்டு அனுப்பினேன். பிறகு இரண்டாம் நினைவூட்டு. புதுச்சேரியிலிருந்து பதில் வரக் காத்திருந்து பழகியவன்தான் நான். அங்கேயாவது கோப்பு இன்னொரு மாநிலத்தின் ஊர்களைக் கடந்து பேருந்தில் போய்வர வேண்டியிருந்தது. இவருக்கு விரலை அசைக்க வேண்டியதுதான் பாக்கி.

பருவம் தொடங்கியது. நண்பர் கொஞ்ச நாள் வந்துகொண்டிருந்தார். முடிவுகளைத் திறந்ததும் "அவன் எப்புடி?" என்றார். நம்ம ஆள் என்று சொல்வதை விட்டிருந்தார். வேறு அணியின் பக்கத்தைத் திறந்து நான் படிக்க வேண்டியிருந்தது. அவன் வென்றிருந்தால் முகம் மலரும். ஒருநாள் அவன் எங்களுக்கு எதிராகவே எறிந்தான். எங்கள் ஆட்கள் ஒருவராலும் அவன் பந்தைத் தொட முடியவில்லை. படிக்கப் படிக்க, நண்பர் தொடையில் தட்டிச் சிரித்தார்.

"நீங்க எந்த அணிங்க?" என்று கேட்டுவிட்டேன்.

டம்ளரைக் கீழே வைத்தார். "எனக்கு அணின்னு ஒண்ணும் இல்ல சார். எனக்கு அந்தப் பயதான். உங்ககிட்ட முன்னாடியே சொன்னேன்."

மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாள் தொலைபேசியில் அழைத்தேன். இனி வரப்போவதில்லை என்று மரியாதையாகச் சொன்னார். அணியை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

"எழுதிக் குடுக்கணுமா சார்?"

விதி நான்கின்படி இணை உரிமையாளர் விலகினால் எழுத்தில்தான் தர வேண்டும். "ஆமாங்க" என்றேன்.

தொலைபேசியை வைத்துவிட்டார். அன்று மாலையே ஒரு தாளில் ஒரே வரி எழுதி, கையெழுத்துப் போட்டு, எங்கள் கேட்டில் செருகிவிட்டுப் போயிருந்தார். தேதி போடவில்லை. நான் போட்டுக்கொண்டேன்.

இப்போது அவர் காலையில் கடற்கரைச் சாலைப் பக்கம் தம்மைப்போன்ற ஓய்வூதியக்காரர்களோடு இரும்புக் குண்டு எறிந்து விளையாடுகிறார். மீன் வாங்கப் போகும்போது பார்ப்பேன். "பொஞ்சூர் சார்" என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்வார். நானும் பொஞ்சூர் என்பேன். குனிந்து குண்டை எடுத்துக்கொள்வார். அணியை நான் தனியாக நடத்துகிறேன். எந்த ஆளை எந்த நாள் எறிய விட வேண்டும் என்று எனக்குத் தெரியாது. மென்பொருளே தீர்மானிக்கும்படி விட்டிருக்கிறேன். முன்னோட்டத்தில் சொன்ன இடத்துக்கும் கீழே முடித்தோம். காலை முடிவுகளை இப்போதெல்லாம் மாலையில்தான் திறக்கிறேன், சில நாள் திறப்பதும் இல்லை.

என் மேல்முறையீட்டுக்குப் பதில் வந்துவிட்டது. கமிஷனர் அதைக் குழுவில் எழுதியிருந்தார். அணி சொன்னது சரி, அறிவிப்பு மின்னஞ்சலில் போயிருக்க வேண்டும், இனி அப்படியே செய்யப்படும். பருவம் முடிந்துவிட்டதால் ஆட்டக்காரரைத் திருப்பித் தர இயலாது, வருந்துகிறேன். நான் அந்தக் குழுவில் இல்லை. நண்பர்தான் அதை எனக்கு அனுப்பியிருந்தார். தம்முடையதாக ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை. நன்றி என்று எழுதிப் பார்த்தேன். வேறு ஏதாவது எழுத வேண்டும் என்று அழித்தேன். அழித்த இடத்தில் எழுத எதுவும் வரவில்லை, இன்றுவரை அனுப்பவில்லை.

விதிப்படி பார்த்தால் அந்தப் பதில் எனக்கு இன்னும் வந்து சேரவில்லை. என் மின்னஞ்சலில் அது இல்லை. ஆனாலும் கைக்குக் கிடைத்த நாளைக் குறித்துக்கொண்டேன்: நவம்பர் மூன்றாம் தேதி, திங்கட்கிழமை.