ரொட்டிப் பெட்டி தின்ற கரெண்டு

திரௌபதிக்குக் கோபம் வந்தால் செங்கம் சாலையில் போகிற ஜட்கா குதிரைகூடக் காதை மடக்கிக்கொள்ளும் என்று அந்த வீட்டில் கேலி பேசுவார்கள். எண்பத்திரண்டாம் வருஷம் கார்த்திகையில் கேலி நின்றுபோனது. அவள் கோபம் அடுப்புத் தணலாக உள்ளேயே கனன்றுகொண்டிருந்தது.

கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை என்கிற நிலக்கடலைக் கொல்லையில் வளர்ந்தவள். ஜவுளிக்கடைச் சிப்பந்தி பலராமனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருந்த வெள்ளைக்கார அம்மாளுக்குச் சமைத்துப் போட்டாள். அந்த அம்மாள் ரொட்டி சுடக் கற்றுக்கொடுத்தாள். ஊருக்குக் கிளம்பிய அன்று கரெண்டு ஓவனைத் தூக்கி இவள் கையில் வைத்துவிட்டுப் போனாள். தாலியைத் தவிர, இது உனக்கு என்று சொல்லி அவளுக்கு யாரும் எதுவும் கொடுத்ததில்லை. அன்று அதைக் கட்டிக்கொண்டு அழுதாள். இரண்டு வருஷமாக அதில் சுட்டு விற்ற ரொட்டிதான் மகள் சரோஜாவின் பள்ளிப் படிப்பு.

நான்கு குடித்தனத்துக்கும் ஒரே மீட்டர். பில்லை வீட்டுக்காரர் அப்பாதுரை சமமாகப் பிரிப்பார். ஓவனுக்காகத் திரௌபதி மட்டும் கூடுதலாகக் கொடுப்பாள். ஆடிக்குப் பிறகு பில் ஒரேயடியாக ஏறியது. அப்பாதுரை அவளை நடையிலிருந்த மீட்டருக்கு முன்னால் இழுத்து நிறுத்தினார்.

"பாரும்மா, சக்கரம் இன்னா ஓட்டம் ஓடுது! ஒரு குண்டு பல்புக்கு ஓடுற ஓட்டமா இது? அத்தினியும் உன் ரொட்டிப் பொட்டி திங்குது!"

ஏறியது முழுவதும் அவள் தலையில் விழுந்தது. ரொட்டியைப் பாதியாகக் குறைத்தாள். பில் குறையவில்லை. ஊர் தூங்கிய பிறகு திருட்டுத்தனமாகச் சுடுகிறாள் என்று பேச்சுக் கிளம்பியது. பக்கத்துக் குடித்தனம் ஜோதியம்மாள், குழாயடியில் அவள் காதுபடவே, "கரெண்ட் திருடி வர்றா, வழி விடுங்கடி" என்றாள். குடத்தை அங்கேயே போட்டு உடைத்துவிட்டு வந்தாள் திரௌபதி.

கடைசியில் அப்பாதுரை தீர்ப்புச் சொன்னார். "தீபம் முடியட்டும். அப்புறம் ஒண்ணு பொட்டி போவணும், இல்ல நீங்க போவணும்."

"வித்துடலாமே" என்றான் பலராமன்.

"என்னை வித்துடுங்க. அதுக்கு கரெண்டு செலவே இல்ல!" என்றாள் திரௌபதி.

தீபத்தன்று மாலை. மலையில் ஜோதி தெரிகிற வரைக்கும் அந்த ஊரில் எந்த வீட்டிலும் விளக்கு எரியாது. அப்பாதுரையே குடித்தனம் குடித்தனமாகப் போய், "ஒரு சுவிச்சும் போடக் கூடாது, ஆமா!" என்று அதட்டி, எல்லோரையும் மொட்டை மாடிக்கு ஏற்றினார். திரௌபதி போகவில்லை. ஓவனின் பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அதன் மேல் தலை சாய்த்துக் கிடந்தாள். 'அண்ணாமலையாரே, ஒரு பொட்டிக்குக்கூட எனக்குக் கொடுப்பினை இல்லியா?'

முகம் கழுவ எழுந்தவள் நடையைக் கடந்தாள். வாசலிலிருந்து வந்த அந்தி வெளிச்சத்தில் மீட்டர் கண்ணில் பட்டது.

சக்கரம் ஓடிக்கொண்டிருந்தது.

வீடு முழுக்க இருட்டு. ஆனால் அப்பாதுரையின் பேச்சுப்படி ஒரு குண்டு பல்புக்கு ஓடுகிற ஓட்டமில்லை அது. திரௌபதி அண்ணாந்து பார்த்தாள். மீட்டரிலிருந்து ஒரு புது வயர் சுவரேறி, மேலே ஒரு ஓட்டை வழியாகப் பின்சந்துக்குப் போனது. அங்கே அப்பாதுரை ஆடியில் திறந்த மூன்று அறைகள். கோயிலுக்கு வருகிறவர்களுக்கு கரெண்டு அடுப்பில் வெந்நீர் உண்டு என்று போர்டு போட்டு வாடகைக்கு விட்டிருந்தார். அதற்குத் தனி மீட்டர் வாங்கிவிட்டேன், அலைந்தே இளைத்துவிட்டேன் என்று சொன்ன மனிதர்!

"அடியே ஜோதி! எல்லாரும் கீழ எறங்கி வாங்கடி!"

அந்தக் குரலுக்கு மாடியே இறங்கி வந்தது. முதலில் வந்த ஜோதியம்மாள் மீட்டரைப் பார்த்தாள், வயரைப் பார்த்தாள், பின்னால் நகரப் பார்த்தாள்.

"எங்க நழுவுற? சொல்லு, எவ திருடி?"

அப்பாதுரை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "உள்ள வாம்மா, பேசிக்கலாம். நல்ல நாளும் அதுவுமா..."

"உள்ளயா? என்னை நிக்க வச்சு மானத்தை வாங்குனது இங்கதானே? இங்கயே நில்லுங்க. உங்க வெந்நீருக்கு எம்பொண்ணு படிப்பை எரிச்சீங்களே, வயிறு குளுந்துச்சா?"

அதே நேரம் தெருவே அதிர்ந்தது. "அண்ணாமலையாருக்கு அரோகரா!" மலையில் ஜோதி தெரிந்துவிட்டது. யாரும் அகலைத் தேடி ஓடவில்லை. திரௌபதி மட்டும் விறுவிறுவென்று உள்ளே போய்ப் பிளக்கைச் சொருகினாள். ஓவனின் சின்னச் சிவப்பு பல்பு கண் விழித்தது. அந்த வருஷம் அந்த வீட்டில் முதலில் எரிந்த விளக்கு அதுதான்.

"நான் அப்பவே நெனச்சேன்" என்று பின்னாலேயே வந்தான் பலராமன்.

"நெனச்சீங்களா? அப்ப வாயில இன்னா, கொழுக்கட்டையா?" என்றாள் திரௌபதி. கண்ணீர் பொலபொலவென்று மாவில் விழ, துடைத்துக்கொள்ளாமலே பிசைய ஆரம்பித்தாள்.