கேட்காமல் அனுப்பிய சாப்பாட்டுப் பட்டியல்

அக்காவின் கடையில் பொரிக்கும் தாச்சிக்கும் தொலைநகல் அனுப்பும் பக்ஸ் இயந்திரத்துக்கும் இடையே ஒரு முழந்தான். பக்ஸில் வாசம் போகாது என்பது மட்டுமே எங்கள் குறை. அக்கா எனக்குச் சொந்தமல்ல, முதலாளி. இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில், ஜெர்மனியின் வுப்பர்டால் நகர அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு கொடுக்க அந்தக் கடையைத் தொடங்கியிருந்தார். விளம்பரப் பொறுப்பை, வேறு ஆள் கிடைக்காமல், என்னிடம் தந்திருந்தார்.

எங்கள் ஊர்க் கலியாணத்தில் ஒரு வீட்டுக்குச் சொல்லாமல் விட்டால், அந்த வீட்டார் பிறகு முகங்கொடுத்துப் பேசமாட்டார்கள். அந்தப் பயத்தில், தொலைபேசிப் புத்தகத்தில் பக்ஸ் எண் வைத்திருந்த ஒருவரையும் விடாமல் எங்கள் சாப்பாட்டுப் பட்டியலை அனுப்பினேன். ஜெர்மனியிலோ சொல்லப்பட்டவர்கள்தான் கோபித்தார்கள். ஒரு வழக்கறிஞரிடமிருந்து எச்சரிக்கை வந்தது. நீதிமன்றத்திலிருந்து அவருக்கு அவசரத் தாள் வரவேண்டிய நேரத்தில், அவருடைய தாளில், அவருடைய மையில், எங்கள் மட்டன் ரோல்ஸ் வந்து இறங்கியிருக்கிறது. முன்கூட்டியே கேட்டு, வெளிப்படையாகச் சம்மதம் வாங்காமல் பக்ஸில் விளம்பரம் அனுப்புவது சட்டவிரோதமாம். இனி அனுப்பமாட்டோம் என்று கையெழுத்திட வேண்டும். மீறினால் வரும் தண்டத்துக்குக் கடையையே விற்கவேண்டும்.

"ஒராளையும் விடக்கூடாதெண்டுதானே அக்கா அனுப்பினனான்."

"கலியாணக் கார்டை முற்றத்தில எறிஞ்சுபோட்டே வாறனாங்கள்? போய், இருந்து, வாயால சொல்லுறேல்லையே? கடை போச்சுதெண்டா உன்னையும் தாச்சிக்குள்ள போடுவன்!"

மறுநாள் வழக்கறிஞரிடம் பட்டுச்சேலையோடு அக்கா முன்னே நடக்க, குற்றவாளியாக நான் பின்னே போனேன். வழக்கறிஞர் சட்டத்தை விளக்க விளக்க, எல்லாம் புரிந்தவன்போலத் தலையாட்டினேன். அக்கா கையெழுத்துப் போட்டார். பிறகு, தானே ஜெர்மனில் எழுதிய ஒரு தாளை அவர்முன் வைத்தார்: 'உங்கள் சாப்பாட்டுப் பட்டியலை எங்களுக்கு அனுப்பலாம்.'

"இதில் நான் கையெழுத்துப் போடவேண்டிய கட்டாயம் இல்லையே" என்றார் அவர்.

அக்கா தனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னதை எங்கள் தமிழில் சொன்னால் இப்படித்தான் வரும்: "ஓம், கட்டாயம் இல்லை. அதாலதான் கேக்கிறன்."

மனுசன் சிரித்துவிட்டு, போட்டார்.

அதன்பிறகு காலில் போட்ட சப்பாத்துத் தேயத் தேய, சம்மதம் கேட்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினோம். சம்மதித்தவர்கள் கொஞ்சப்பேர்தான், ஆனால் கடை அவர்களால் நிமிர்ந்தது. இப்போது கடையில் பக்ஸ் இல்லை. போன மாதம், இரண்டாவது கடை திறக்கும் செய்தியைத் தெரிந்த எண்களுக்கெல்லாம் கைபேசியில் ஒரே தட்டில் அனுப்பிவிடட்டுமா என்று கேட்டேன்.

அக்கா நிமிராமலே சொன்னார்: "சப்பாத்தைப் போடு."