அப்லோடுக்காக ஏறிய ஏணி

கள்ளக்குறிச்சியில் கேபிள் இணைப்பு கொடுப்பவன் நான். எங்கள் இன்டர்நெட்டில் படம் பார்க்கலாம், இங்கிருந்து எதையும் அனுப்பத்தான் முடியாது. அதைச் சரிசெய்யக் கம்பத்து ஆம்ப்ளிஃபையர்களில் ஃபில்டரை மாற்றி, அப்லோடு பாதையை அகலமாக்கினேன். இன்னும் மோசமானது. ஒரு வீட்டில் ஒயர் லூசாக இருந்தாலும் அதன் இரைச்சல் எல்லார் பாதையிலும் கலந்துவிடும். அகலமான பாதையில் இரைச்சலும் ஜாஸ்தி.

அன்று பதினொரு மணிக்குத் துணிக்கடை பாயின் மகளுக்கு வீடியோவில் வேலை நேர்காணல். பத்தரைக்கே பாய் என் ஏணியைப் பிடித்துக்கொண்டார். நான் விழுந்துவிடாமல் இருக்க அல்ல, இறங்கி ஓடிவிடாமல் இருக்க.

"போன் பண்ணா எடுக்கறதில்ல. இப்ப கம்பத்துல தொங்கிக்கினு கீறாரு," என்றார் எதிர்வீட்டுக்காரர்.

என் நடுக்கத்தில் ஏணி ஆடியது. காற்று என்று சொல்லிவிட்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன்: "எவன் வூட்ல கனெக்டர் போடாம ஒயர முறுக்கி வச்சிருக்கானோ, அவன் லைன இன்னிக்கே வெட்டிடுவேன்."

ஒவ்வொரு வீட்டு லைனாகக் கழற்றி, இரைச்சலைக் காட்டும் மீட்டரைப் பார்த்து, திரும்ப மாட்டினேன். டிவி நின்ற வீடெல்லாம் வெளியே வந்து திட்டியது. கடைசி லைனைக் கழற்றியதும் இரைச்சல் அடங்கியது. அது என் வீடு. அடுப்படி டிவிக்கு கனெக்டர் போடச் சோம்பல்பட்டு நானே முறுக்கிவிட்ட ஒயர்.

"இன்னா, ஆள் கெடச்சானா?" என்றார் பாய்.

"நம்ம வூடுதான் பாய்."

"வெட்டுங்க."

வெட்டினேன். மகள் நேர்காணலில் பேச ஆரம்பித்துவிட்டாள் என்று தெரிந்ததும் பாய் ஏணியை விட்டார். சீரியல் பாதியில் நின்றுபோன என் மனைவி வந்து பிடித்துக்கொண்டாள்.