பயத்தைச் சொல்லத் தெரிந்த ரதி அக்கா

குலம் அண்ணை எனக்குத் தொலைபேசி எடுக்கிற ஆள் இல்லை. அன்று காலை ரயில் லா கூர்னெவ் நிலையத்தைத் தாண்டும்போது அவர் பெயரைத் திரையில் கண்டதுமே ஏதோ நடந்துவிட்டதென்று தெரிந்தது. "ரதி போயிட்டாள்" என்றார். நித்திரையிலேயே இதயம் நின்றுவிட்டதாம். நான் விம்மத் தொடங்க, "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை, நீ வேலைக்குப் போ" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். மனைவியை இழந்த மனுசன் சொன்ன அந்த "ஒண்டுமில்லை" நாள் முழுக்க என்னைக் கலங்கடித்தது.

பாரிசின் லா சப்பலில் நானும் அவரும் வேலை செய்த மரக்கறிக் கடைக்கு வந்த எல்லோருக்கும் ரதி அக்காவைத் தெரியும். பணப்பெட்டிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு ஊருக்கெல்லாம் சேர்த்துப் பயப்படுவார். வேலை முடிந்து திரான்சியில் என் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் நான் அவருக்கு மிஸ்கோல் அடிக்க வேண்டும். மறந்தால் அவரே எடுத்து ஏசுவார். பயந்தாங்கொள்ளி என்று நாங்கள் பகிடி பண்ணினால், "பயமில்லாத ஆக்களோடைதான் எனக்குப் பயம்" என்பார்.

அப்படிப்பட்டவர்தான் நோர்வேக்குப் போகலாம் என்று எங்களைக் கிளப்பினார். வடக்குக் கரையில், மீன் தொழிற்சாலையில் வேலை செய்யும் தன் தம்பியைப் பார்க்க வேண்டும். படுக்கையும் அடுப்பும் உள்ள கம்பிங்கார் ஒன்றை வாடகைக்கு எடுத்து, அண்ணை, அக்கா, நான், என் கணவர் என்று புறப்பட்டோம். சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்தாயிற்று. உள்ளே அரிசி மூட்டைகள், தேங்காய்கள், தம்பி மனைவிக்கென்று ஒரு அம்மிக்கல். வண்டியை வாடகைக்கு விட்டவன் பாரத்துக்கு எல்லை உண்டென்று சொல்லித்தான் தந்தான். சாப்பாட்டுச் சாமானும் பாரக் கணக்கில் வருமென்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மலை ஏறும்வரை சந்தோசம்தான். இறங்கத் தொடங்கியதும் ஏதோ கருகும் மணம் வந்தது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் அடி தெரியாத பள்ளம். வீடில்லை, வாகனமில்லை, தொலைபேசிக்குச் சிக்னலும் இல்லை. அண்ணை பிரேக்கை மிதிக்க மிதிக்க வண்டி வேகம் குறையாமல் இழுத்துக்கொண்டு போனது. "ஒண்டுமில்லையப்பா" என்றார். அவர் கழுத்தில் வியர்வை ஓடியது. செத்தோம் என்றே நினைத்தேன்.

அக்கா சத்தம் போடவில்லை. அண்ணையின் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார்:

"இஞ்சாருங்கோ, பயமா இருக்கே? இருந்தால் சொல்லுங்கோ."

அண்ணை, "ஓம்" என்றார். சொன்ன கையோடு கியரைக் குறைத்து, தெருவோரத்தில் அகலமாக இருந்த இடமொன்றில் வண்டியை ஒதுக்கினார். முன்சில்லிலிருந்து புகை வந்தது. வண்டி உருண்டுவிடாமல் அக்காவே அம்மிக்கல்லைத் தூக்கிவந்து சில்லுக்கு அண்டை கொடுத்தார். பிரேக் ஆறும்வரை காத்திருந்து, பிறகு ஊர்ந்து ஊர்ந்து இறங்கினோம். விளிம்பு உடைந்த அம்மி தம்பி வீடு போய்ச் சேர்ந்தது.

அக்காவின் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு அன்று அண்ணைதான் எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டு நின்றார். கேட்டவர்களுக்கெல்லாம் "ஒண்டுமில்லை, நான் நல்லா இருக்கிறன்." ஆட்கள் போன பிறகு பக்கத்தில் போய் நின்றேன்.

"அண்ணை, பயமா இருக்கே? இருந்தால் சொல்லுங்கோ."

தட்டைக் கீழே வைத்தார். "ஓம்" என்றார். "நீங்களும் போனாப்பிறகு கதவைப் பூட்டப் பயமா இருக்கு." அப்போதுதான் அழுதார்.

இப்போது வீடு சேர்ந்ததும் அவருக்கு மிஸ்கோல் அடிக்கிறேன். அவரும் திருப்பி அடிக்க வேண்டும். அது வரும்வரை நான் உடுப்பு மாற்றுவதில்லை.